மனச்சோர்வு நோயில் துணைமருந்தின் பயனை அறியுமாறு

தோற்றுவாய்

ஒருகாலத்தில் எம்மோடு கல்லூரி விடுதியில் உறைந்து, பின்னர் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்து இளைப்பாறிய நண்பர் ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மனச்சோர்வு நோய்க்கெனப் பல மாதங்களாக மருந்துண்டும் தமக்குப் போதிய குணம் காணவில்லை என்றும், வைத்தியர் முதன்மருந்தை நிறுத்தாமலே மற்றொரு குளிசையையும் சேர்த்துத் தந்துள்ளார் என்றும் அதிற் கூறி, இறுதியில் இவ்வாறு வினவியிருந்தார்: “இது பயன் தருமென அறிந்து செய்யப்படுவதா? அன்றி, ஒன்று பலியாவிட்டால் இன்னொன்று என என்மேற் செய்து பார்ப்பதா?”

அவ்வினா நேர்மையான வினா. அவருக்குத் தனியே விடை எழுதினோம். ஆயினும், அவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம் கல்லூரியிற் பயின்றோர் இல்லங்கள் பலவற்றிலும் இந்நோய் உண்டு. அதனை வெளியிற் சொல்லாது மறைக்கும் வழக்கமும் உண்டு. ஆதலின், துணைமருந்து ஒன்றின் பயனை மருத்துவ உலகம் எவ்வாறு அளந்தறிகின்றது என்பதை இவ்விழா மலரில் விளக்க முற்படுகின்றோம்.

நோயின் இயல்பு

துன்பம் நேர்ந்தவிடத்துத் துயருறுதல் மனித இயல்பு. அது நோயன்று. மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் கூறுவது வேறொன்று. இரண்டு கிழமைகளுக்குக் குறையாது, நாள்தோறும் பெரும்பொழுதும் உள்ளம் தாழ்ந்திருத்தல், முன்னர் இன்பந் தந்தவற்றில் நாட்டம் அற்றுப்போதல், உறக்கமும் பசியும் கெடுதல், உடல் தளர்தல், சிந்தை ஒருமைப்படாமை, காரணமின்றித் தம்மைக் குற்றவாளியெனக் கருதுதல், இறப்பைப் பற்றிய எண்ணம் எழுதல் ஆகியன அதன் குறிகள். இவற்றுட் பல ஒருங்கு கூடி ஒருவரின் வாழ்க்கையை முடக்குமாயின், அதனைச் சோம்பலென்றோ மனவலிமைக் குறைவென்றோ பழித்தல் தகாது. நீரிழிவு எவ்வாறு நோயோ, இதுவும் அவ்வாறே நோய்.

முதன்மருந்துகளும் அவற்றின் எல்லையும்

இந்நோய்க்குரிய மருந்துகள் 1950களிலே தோன்றின. காசநோய்க்கெனக் கையாளப்பட்ட இப்புரோனியசிட் என்னும் மருந்து நோயாளரின் உள்ளக் கிளர்ச்சியையும் கூட்டுதல் கண்டு, அதனை மனச்சோர்வுக்கும் பயன்படுத்தினர். 1957ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்து தேசத்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்பிரமீன் என்னும் மருந்தின் பயனை வெளியிட்டார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1987இல் அனுமதி பெற்ற புளுவொக்சற்றீன் முதலியன பின்வந்தவை. இவை பக்கவிளைவு குறைந்தமையால் உலகெங்கும் பரவின.

இம்மருந்துகள் உட்கொண்ட அன்றே பயன் தருவன அல்ல. பயன் தெளிவாகப் புலப்படச் சில கிழமைகள் செல்லும். மேலும், எல்லார்க்கும் ஒரேயளவிற் பயன் தருவனவும் அல்ல. அமெரிக்காவில் நடைபெற்று 2006இல் வெளியான பேராய்வு ஒன்றில், சித்தலோப்பிராம் என்னும் மருந்தைப் பெற்ற 2,876 நோயாளருள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே நோய்க்குறிகள் நீங்கப்பெற்றனர். எஞ்சியோர்க்கு என் செய்வது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தக்க அளவில், தக்க காலம், இருவகை மருந்துகளை உண்டும் குணங்காணாத நோயை ‘மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு’ என வழங்குவர். அப்பெயரைச் சூட்டுமுன் வைத்தியர் வேறு சிலவற்றையும் ஆராய்தல் வேண்டும். நோயாளர் குளிசையை ஒழுங்காக உட்கொண்டாரா? அளவு போதியதா? தைரொயிட்டுச் சுரப்பியின் குறை போன்ற உடல்நோய் மறைந்துளதா? மதுப்பழக்கம் உளதா? இடையிடையே மிகையான எழுச்சி தோன்றும் இருமுனை நோயோ இது? இவற்றை ஆராயாது இரண்டாம் மருந்தைச் சேர்த்தல், அத்திவாரத்தைப் பாராது மேல்மாடி கட்டுதலை ஒக்கும்.

துணைமருந்து

முதன்மருந்து போதிய பயன் தராதவிடத்து வைத்தியர்முன் சில வழிகள் உள. மருந்தின் அளவைக் கூட்டலாம், வேறொரு மருந்துக்கு மாறலாம், உளவளத்துணையைச் சேர்க்கலாம், கடுமையான நோயில் மின்வலிப்புச் சிகிச்சை செய்யலாம். மற்றொரு வழி, முதன்மருந்தை நிறுத்தாது அதற்குத் துணையாக இன்னொன்றைச் சேர்ப்பது. அவ்வாறு சேர்க்கப்படுவதே துணைமருந்து.

இதிற் பழமை வாய்ந்தது இலிதியம். 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் இதனை மிகையெழுச்சி நோய்க்குப் பயன்படுத்தினார். 1981இல், கனடாவின் மொன்றியல் நகரைச் சார்ந்த டி மொன்ரினியும் அவர்தம் குழுவினரும், பழைய மருந்துகளாற் குணங்காணாத எட்டு நோயாளர்க்கு இலிதியத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, 48 மணித்தியாலங்களுள் அவர்களின் நோய் தணிந்ததென எழுதினர். மருத்துவ உலகம் வியப்புற்றது. தைரொயிட்டுச் சுரப்புநீர், பிற்காலத்தில் அரிப்பிப்பிரசோல், குவெற்றியப்பீன் முதலிய மருந்துகள் எனத் துணைமருந்துகளின் தொகை பெருகியது.

எட்டுப்பேர் குணம் பெற்றமை கண்ட பின்னும் பரீட்சை எதற்கு என மாணாக்கர் கேட்கலாம். அதற்குரிய விடையே இக்கட்டுரையின் உயிர்நிலை.

குணந் தந்தது எது?

இரண்டாவது குளிசை சேர்த்தபின் ஒரு நோயாளர் தேறினார் எனின், அக்குளிசையே தேற்றிற்று என நாம் கருதுவது இயல்பு. ஆயின், வேறு காரணங்களும் உள. முதலாவது, இந்நோய் ஏறியும் இறங்கியும் செல்லும் தன்மையது. மிக மோசமான வேளையிலேதான் மருந்து மாற்றம் நிகழ்கின்றது. அவ்வேளைக்குப் பின் சிறிது தணிதல் மருந்தின்றியும் கூடும். இரண்டாவது, முதன்மருந்தே காலந் தாழ்த்துப் பயன் தரத் தொடங்கியிருக்கலாம். மூன்றாவது, புதுமருந்து கிடைத்ததென்னும் நம்பிக்கையும், வைத்தியர் அடிக்கடி அழைத்துப் பரிவோடு வினவுதலும் தாமே பயன் தருவன.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோய் தணியுமிடத்து இந்நான்கும் தொழிற்படுகின்றன. அவற்றுள் மருந்து என்னும் ஒரு கூற்றின் பங்கை மட்டும் பிரித்தறிய வேண்டின், ஏனைய மூன்றையும் இரு பக்கத்தும் ஒப்ப வைத்தல் வேண்டும்.

நம் கல்லூரி ஆய்வுகூடத்தில், கண்ணாடிப் பெட்டியுள் இருந்த இரசாயனத் தராசைப் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். புடக்குகையில் இட்ட பொடியின் நிறையை அறிய, முதலில் வெறும் புடக்குகையை நிறுத்துக்கொள்ளுதல் வேண்டும். அதனைச் செய்யாதவன் புடக்குகையின் நிறையையும் பொடியின் நிறையென்றே எழுதுவான். துணைமருந்துப் பரீட்சையில் வெறும் புடக்குகையின் இடத்தில் நிற்பது வெற்றுக்குளிசை. நிறத்தாலும் வடிவாலும் சுவையாலும் மருந்தை ஒத்தது. மருந்துப் பொருள் அற்றது.

இம்முறையின் தேவைக்குப் பின்டொலோல் என்னும் மருந்து சான்று. 1994இல் பார்சலோனா நகர ஆய்வாளர், அதனைச் சேர்த்தவிடத்து நோயாளர் விரைந்து தேறினர் என வெளியிட்டனர். அது வெற்றுக்குளிசையோடு ஒப்பிடாத ஆய்வு. பின்னர் ஸ்பானிய ஆய்வாளரே மருந்துக்கு இணங்காத நோயாளரிடம் வெற்றுக்குளிசையோடு ஒப்பிட்டுப் பரீட்சித்தபோது, வேறுபாடு காணவில்லை என 1999இல் வெளியிட்டனர். தாம் விரும்பிய முடிவு கிட்டாதபோதும் அதனை மறையாது வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

பரீட்சையின் அமைப்பு

நல்ல பரீட்சை ஒன்றின் உறுப்புக்கள் ஐந்து.

முதலாவது, நோய் உண்மையாகவே முதன்மருந்துக்கு இணங்காதது என உறுதிசெய்தல். நோயாளரின் நினைவை மட்டும் நம்பாது, ஆய்வாளர் தம் கண்முன்னே சில கிழமைகள் முதன்மருந்தைக் கொடுத்துப் பார்த்து, தேறாதவரையே அடுத்த கட்டத்துக்குத் தெரிவர்.

இரண்டாவது, எழுமாறாகப் பங்கிடல். யார்க்கு மருந்து, யார்க்கு வெற்றுக்குளிசை என்பதை வைத்தியரோ நோயாளரோ தெரிதல் கூடாது. திருவுளச்சீட்டு எடுத்தாற்போல அது அமைதல் வேண்டும். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை காசநோய்க்கு ஸ்றெப்ரோமைசின் மருந்தைப் பரீட்சித்து 1948இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளிவிவர அறிஞர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் இம்முறையை வகுத்துக் கையாண்டார். இதனால் வயது, நோயின் கடுமை, வறுமை, குடும்ப ஆதரவு யாவும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒப்ப அமையும்.

மூன்றாவது, இருபாலும் மறைத்தல். உண்பவரும் அறியார், அளப்பவரும் அறியார். நோயாளரின் நம்பிக்கை மட்டுமன்று, வைத்தியரின் நம்பிக்கையும் அளவைப் பிழைக்கச் செய்யும்.

நான்காவது, அளவுகோல். சோர்வை வெப்பமானி கொண்டு அளத்தல் இயலாது. 1960இல் மக்ஸ் ஹமில்ற்றன் வகுத்த அளவுகோலும், 1979இல் மொன்கொமறியும் ஒஸ்பேர்க்கும் வகுத்த அளவுகோலும் வழக்கில் உள்ளன. பின்னது பத்து வினாக்களைக் கொண்டது; புள்ளிகள் 0 முதல் 60 வரை; புள்ளி கூடின் நோய் கூடும். புள்ளி பாதியாகக் குறைதலை ‘இணக்கம்’ என்றும், நோய்க்குறிகள் ஏறக்குறைய முற்றாக நீங்குதலைத் ‘தணிவு’ என்றும் கூறுவர்.

ஐந்தாவது, பங்கிடப்பட்ட அனைவரையும் கணக்கிற் சேர்த்தல். பக்கவிளைவால் இடையில் விலகியோரை விட்டு, நின்றோரை மட்டும் எண்ணுதல், பரீட்சைக்கு வாராத மாணவரை நீக்கிச் சித்தி வீதம் கூறுதல் போன்றது.

இரு பரீட்சைகள்

இனி, எடுத்துக்காட்டாக இரண்டு பரீட்சைகளை நோக்குவோம். ஒன்று பயன் காட்டியது, மற்றொன்று காட்டாதது.

முதலாவது, அமெரிக்காவில் நிகழ்ந்து 2007இல் வெளியான அரிப்பிப்பிரசோல் பரீட்சை. நோயாளர்க்கு எட்டுக் கிழமைகள் முதன்மருந்து கொடுக்கப்பட்டது. தேறாதவருள் 184 பேர் அரிப்பிப்பிரசோலையும், 178 பேர் வெற்றுக்குளிசையையும் ஆறு கிழமைகள் துணையாகப் பெற்றனர். முதன்மருந்து இரு சாராருக்கும் தொடர்ந்தது. மொன்கொமறி–ஒஸ்பேர்க் அளவுகோலில், துணைமருந்து பெற்றோர்க்குச் சராசரி 8.8 புள்ளிகளும், வெற்றுக்குளிசை பெற்றோர்க்கு 5.8 புள்ளிகளும் குறைந்தன. தணிவு எய்தியோர் முறையே நூற்றுக்கு 26.0, 15.7.

இவ்வெண்களைப் பொறுமையோடு வாசித்தல் வேண்டும். துணைமருந்து உண்ட நூற்றுவரில் 26 பேர் தணிவு எய்தினர் எனின், அவர்களுள் ஏறத்தாழ 16 பேர் வெற்றுக்குளிசையோடும் அந்நிலை எய்தியிருப்பர். மருந்தினால் வந்த மிகுதி ஏறத்தாழ பத்துப்பேர். அதாவது, பத்துப்பேர்க்குக் கொடுத்தால் ஒருவர் அம்மருந்தினாலேயே மேலதிகமாகத் தணிவு எய்துவார். இது சிறிதெனினும் மெய்யான பயன். எனினும், இதற்கொரு விலையும் உண்டு. ஓரிடத்தில் இருக்கவொட்டாது கால்களை அலைக்கும் பதகளிப்பு, துணைமருந்து பெற்றோருள் நூற்றுக்கு 23.1 பேர்க்கும், மற்றையோருள் 4.5 பேர்க்கும் தோன்றியது. இதனையும் இதனையொத்த பரீட்சையையும் நோக்கி, 2007 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அம்மருந்தைத் துணைமருந்தாக அனுமதித்தது.

இரண்டாவது, இங்கிலாந்தின் குடும்ப வைத்தியர் நிலையங்களில் நிகழ்ந்து 2018இல் வெளியான மிர்த்தசப்பீன் பரீட்சை. முதன்மருந்தை ஆறு கிழமைகளேனும் உண்டும் சோர்வு நீங்காத 480 பேர் இதிற் பங்குபற்றினர். மிர்த்தசப்பீன் மூளையில் வேறொரு வழியாற் செயற்படுவது. ஆகவே, இரண்டும் சேரின் பயன் பெருகும் என்னும் எதிர்பார்ப்பு நியாயமானதாகவே தோன்றியது. அந்நம்பிக்கையால் வைத்தியர் பலர் முன்னரே அதனைச் சேர்த்துக் கொடுத்தும் வந்தனர். பன்னிரண்டு கிழமைகளின் பின், 0 முதல் 63 வரையான பெக் அளவுகோலில், மருந்து பெற்றோரின் சராசரி 18.0, வெற்றுக்குளிசை பெற்றோரின் சராசரி 19.7. நோயாளர் உணரத்தக்க நன்மை எனக் கூற இவ்வேறுபாடு போதாது, தற்செயலாலும் நிகழக்கூடியது. பக்கவிளைவுகளோ மருந்து பெற்றோரிடமே மிகுந்தன.

காரணம் கூறுதல் எளிது. பயன் காட்டுதல் அரிது என்பதை இவ்விரண்டும் ஒருங்கே உணர்த்துகின்றன.

எண்களோடு கொள்ளவேண்டிய எச்சரிக்கை

வெற்றுக்குளிசைப் பிரிவு இல்லாத ஒப்பீடுகளும் உள. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்னாட் படைவீரர் 1,522 பேரிடம் மூன்று வழிகள் ஒப்பிடப்பட்டன. பியூப்பிரோப்பியன் மருந்துக்கு மாறியோருள் நூற்றுக்கு 22.3 பேரும், அதனைத் துணையாகச் சேர்த்தோருள் 26.9 பேரும், அரிப்பிப்பிரசோலைச் சேர்த்தோருள் 28.9 பேரும் தணிவு எய்தினர். எவ்வழி சிறிது மேலென இத்தகைய ஆய்வு காட்டும்; ஆனால், வழி ஒவ்வொன்றினதும் தனிப்பயன் எவ்வளவு என்பதைக் காட்டாது.

ஆறு கிழமைப் பரீட்சை ஆறு ஆண்டுகளுக்குச் சான்றாகாது என்பதையும் மறத்தலாகாது. உடல் எடை கூடுதல், நீரிழிவு, அசைவுக் கோளாறு முதலியன காலஞ்சென்றே தோன்றுவன. இலிதியம் உண்போர் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைரொயிட்டு ஆகியவற்றின் நிலையையும் காலந்தோறும் சோதிப்பித்தல் இன்றியமையாதது.

பரீட்சைகளிற் பல, மருந்தை ஆக்கும் நிறுவனங்களின் பொருளாலே நிகழ்வன. 2008இல் வெளியான ஆய்வொன்று, மனச்சோர்வு மருந்துகளைக் குறித்து அமெரிக்க நிருவாகத்தில் பதியப்பட்டிருந்த 74 பரீட்சைகளில் நூற்றுக்கு 31 வெளியிடப்படவேயில்லை என்றும், சாதகமற்ற முடிவுகளே பெரிதும் மறைந்தன என்றும் காட்டிற்று. பரீட்சையைத் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டிற் பதிதல் வேண்டும் என முதன்மையான மருத்துவ இதழ்கள் 2005 முதல் விதித்தமை இத்தகைய குறையைக் களையும் பொருட்டேயாம்.

அறமுறை

நோயாளர்க்கு வெற்றுக்குளிசை கொடுத்தல் அறமா என்பது பலர் உள்ளத்திலும் எழும் ஐயம். துணைமருந்துப் பரீட்சையில் ஒருவரும் மருந்தின்றி விடப்படுவதில்லை. முதன்மருந்து யாவர்க்கும் தொடரும். சேர்க்கப்படுவது மட்டுமே வேறுபடும். இதன்மேலும், உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி நகரிற் செய்த பிரகடனத்தின் வழி, நோயாளர் யாவற்றையும் அறிந்து தம் விருப்பத்தோடு உடன்படுதலும், விரும்பியபோது விலகும் உரிமையும் காக்கப்படுதல் வேண்டும். நோய் முற்றித் தம்முயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தோரை உடனே பரீட்சையினின்றும் நீக்கித் தக்க சிகிச்சை அளித்தலும் ஆய்வாளர் கடன். இருண்ட காலத்தில் நின்றும், பின்வருவோர் பொருட்டுத் தம்மை இத்தகைய ஆய்வுக்கு ஒப்புவித்தோர் செய்தது பேருதவியாகும்.

முடிவுரை

நண்பருக்கு யாம் எழுதிய விடை இதுவே: “உமக்குச் சேர்த்த குளிசை குருட்டாட்டமன்று. பலர் மனமுவந்து பங்குபற்றிய பரீட்சைகளால் அதன் பயன் அளந்தறியப்பட்டுள்ளது. ஆயினும், அது எல்லார்க்கும் பயன் தருமென்னும் உறுதி இல்லை. ஆகவே, வைத்தியரிடம் மூன்று வினாக்களைக் கேளும். எத்தனை கிழமைகளிற் பயனை எதிர்பார்க்கலாம்? எந்தப் பக்கவிளைவு தோன்றின் உடனே அறிவித்தல் வேண்டும்? பயன் காணாவிடின் எப்பொழுது நிறுத்துவது? உண்ணும் பிற மருந்துகளையும், நாட்டு மருந்தாயினும், மறையாது கூறும். நீராக எதனையும் திடீரென நிறுத்தாதேயும். அயலாரின் குளிசையை வாங்கி உண்ணாதேயும்.”

அவர் அவ்வாறே செய்தார். இரண்டாம் மாதத்தில் உறக்கம் மீண்டது. பின்னர் அயற்பிள்ளைகளுக்கு மாலையிற் கணிதம் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினார். அது துணைமருந்தின் பயனோ, காலத்தின் செயலோ, நாள்தோறும் உடனிருந்து குளிசை எடுத்துக்கொடுத்த அவர்தம் மனைவியாரின் பேணலோ, யாம் அறியோம். ஒருவரை மட்டும் வைத்து அதனை அறிதலும் இயலாது. அதனாலன்றோ பரீட்சை வேண்டப்படுகின்றது.

இம்மலரை வாசிக்கும் மாணாக்கரே! உங்களுட் சிலர் வைத்தியராவீர். சிலர் புள்ளிவிவர அறிஞராவீர். ஏனையோர் நோயாளரின் உடன்பிறந்தோராகவும் நண்பராகவும் அமைவீர். தாம் விரும்பும் முடிவையும் அளந்த பின்னரே ஏற்கும் நேர்மையை முன்னையோர் கைக்கொள்க. நோயுற்றாரைப் பழியாது உடனிருந்து பேணும் அன்பை அனைவரும் கைக்கொள்க. இவ்விரண்டையும் நமக்குப் பயிற்றிய கல்லூரி அன்னை நீடு வாழ்க.